பென்சிலில் மாற்றிய டூட்டி

என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கறுப்பு ரிப்பன் ஒரு சுருள், ஊக்குகள், ஆறு ஜோடி வெள்ளைக் கையுறை, பித்தளை துலக்குகிற பாலிஷ் டப்பா, பழைய பனியன் துணி, சத்தம் மட்டும் வரும் வெற்றுத் தோட்டா கேட்டு எழுதும் படிவம் நாலு, ஒரு பாட்டில் யூடிகோலன். போலீஸ்காரன் ஒருவன் செத்தால் இந்தப் பெட்டியோடு நான் கிளம்ப வேண்டும். ஸ்டேஷனில் அதற்குச் சாவுப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் ஒருவனை ஏற இறங்கப் பார்த்தால், "ஏட்டய்யா அளவெடுக்காக, தள்ளி நில்லு" என்பார்கள்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. சுதந்திரம் வந்த புதிதில் இராமநாதபுரம் ஆயுதப்படையில் கவாத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அதிகாரியின் இறுதி ஊர்வலத்தில் முன்வரிசை ஆட்கள் கால் மாறி நடந்தார்கள். செத்த மனிதருக்கு அது தெரியப்போவதில்லை என்றாலும் எனக்குத் தாங்கவில்லை. ஓரத்தில் நின்று பல்லைக் கடித்ததை மேலதிகாரி பார்த்துவிட்டார். அடுத்த சாவிலிருந்து எல்லாம் என் தலையில் விழுந்தது. யார் யார் தூக்குவது, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடப்பது, வேட்டு எங்கே போடுவது, வீட்டுப் பெண்களிடம் யார் போய்ப் பேசுவது, எல்லாம்.

வீட்டுப் பெண்களிடம் பேசுவதை நானே வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. என் முதல் சாவில், மரியாதைக்கு மூன்று முறை சுடுவார்கள் என்று யாரும் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. முதல் வேட்டிலேயே அவள் மயங்கி விழுந்தாள். மகனை இன்னொரு தடவை சுடுகிறார்கள் என்று நினைத்தாளாம். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நான் சொல்கிற முதல் சேதி அதுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஸ்டேஷனுக்கு என்னை ரைட்டராக மாற்றினார்கள். ஏட்டு வேலையும் எழுத்து வேலையும் சேர்ந்தது. தினம் மாலை மறுநாளைக்கு யார் யாருக்கு என்ன டூட்டி என்று புத்தகத்தில் மையில் எழுதி எஸ்.ஐ. முன்னால் வைப்பேன். அவர் கையெழுத்துப் போடும்போது பேனா முள்ளைத்தான் பார்ப்பாரே தவிர, பக்கத்தைப் பார்க்க மாட்டார்.

எல்லா ஸ்டேஷனிலும் உள்ள ஒரு பழக்கம் எங்களிடமும் இருந்தது. ஒருவனுக்கு அவசரம் என்றால் இன்னொருவன் அவன் டூட்டியைப் பார்ப்பான். முறைப்படி எஸ்.ஐ.யிடம் எழுதிக் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. ரைட்டரிடம் சொல்வார்கள். ரைட்டர் மையில் இருக்கிற நம்பருக்கு மேலே மாற்று ஆளின் நம்பரைப் பென்சிலில் சின்னதாகக் குறித்துக்கொள்வார். டூட்டி நல்லபடி முடிந்து ஆள் திரும்பி வந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். புத்தகம் சுத்தமாக இருக்கும். நானும் அப்படி நூறு தடவை குறித்து நூறு தடவை அழித்திருப்பேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை.

அந்த ஸ்டேஷனில் இரண்டு பேர் எப்போதும் ஒட்டியே திரிவார்கள். ஒருவன் திருப்பாலைக்குடிக்காரன், முஸ்லிம் பையன். வீடு ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் தூரம்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். இன்னொருவன் உள்ளே ஒரு மானாவாரிக் கிராமத்து சம்சாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் சீமையில் முஸ்லிம்களும் இந்துச் சம்சாரிகளும் ஒருவரையொருவர் மாமன், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த இரண்டு பேரும் அதை நிஜ உறவாகவே எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துக்காரனின் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அவளுக்கு மகள் பிறந்தபோது, "நான் இருக்கேன்ல தாய்மாமன்" என்று இவன் போய் நின்றான். காதுகுத்தும்போது பிள்ளையைத் தன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டான்.

அந்தக் காதுகுத்து வைத்த வாரத்தில், யாரோ பெரிய மனிதர் இராமேஸ்வரம் கோவிலுக்கு வருகிறார் என்று எல்லாருடைய லீவையும் ரத்து செய்து உத்தரவு வந்தது. ஓய்வு நாளில் கூட எல்லையைத் தாண்டக் கூடாது. காதுகுத்து நாளன்று காலை கிராமத்துக்காரனுக்குக் கடல் ரோந்து. விடிந்ததும் மீன்காரர்களின் வள்ளத்தில் ஏறிப் போய், இலங்கைப் பக்கமிருந்து வருகிற தோணி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டுச் சோற்று நேரத்துக்குள் திரும்ப வேண்டும். முதல் நாள் மாலை இரண்டு பேரும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏட்டய்யா, பந்தக்கால் ஊண்டியாச்சு. சொந்தபந்தமெல்லாம் வந்துருச்சு. அப்பன்காரன் இல்லாம எப்படி?" என்றான் கிராமத்துக்காரன்.

"காது குத்துறது ஆசாரி. சோறு ஆக்குறது சமையக்காரன். நீ அங்கன போயி என்னடா செய்யப்போற?" என்றேன். என் வாய் அப்படி.

பாலைக்குடிக்காரன் சிரித்தான். "நாளைக்கு எனக்கு ரெஸ்ட்டு ஏட்டய்யா. நான் வள்ளத்துல போயிட்டு வாரேன், மச்சான் ஊருக்குப் போகட்டும். ரெண்டு பேரும் போக முடியாது. மடி எவன் மடியா இருந்தா என்ன, காதுல ஓட்டை விழுந்தாச் சரி."

நான் பென்சிலை எடுத்து அவன் நம்பரை மேலே குறித்தேன். குறிக்கும்போது அவன் குனிந்து பார்த்துவிட்டு, "அப்படியே என்னைய அளவெடுத்து வச்சுக்கிறாதீக" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

வாடைக்காற்று தொடங்கிய மாதம் அது. மறுநாள் காலை வள்ளம் திரும்பி வரும்போது, கரைக்குப் பக்கத்தில் மணல்திட்டில் அலை மடங்கி அடித்துக் கவிழ்ந்தது. வள்ளக்காரர்கள் இருவரும் நீந்தி வந்துவிட்டார்கள். பாலைக்குடிக்காரன் பூட்ஸ் போட்டிருந்தான். முழங்கால் வரை கம்பளிப் பட்டி சுற்றியிருந்தான். ரோந்துக்கு முழு யூனிபாரம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கடலில் போகிறவனுக்கு என்ன என்று யாரும் எழுதவில்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் தேடி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தபோது வெயில் ஏறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கிழவர் அவன் பட்டியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நனைந்த கம்பளி முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மனசுக்குள் ஒரு பட்டியல் தானாக ஓட ஆரம்பித்தது. முஸ்லிம் வீடு, ஆகையால் இன்றைக்கே அடக்கம். பிற்பகல் அஸர் தொழுகையோடு முடிக்க நினைப்பார்கள். இராமநாதபுரத்திலிருந்து மரியாதை அணி லாரியில் வர வேண்டும். நண்பகலுக்குள் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பியூகிள் ஊதுகிறவன் லீவில் இல்லையே என்று கூட யோசித்தேன். அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன். என் கை மரத்துப்போயிருந்தது. துடைப்பது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

எஸ்.ஐ. அன்று இராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான்தான் தபாலாபீசுக்கு ஓடிப் போய்ப் போன் போட்டேன். தலைமையிடத்தில் ஓர் அதிகாரி எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.  அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"டூட்டியில் இருந்தாரா?"

"இருந்தார் சார்."

"புக்கில் அப்படி இருக்கா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. புத்தகத்தில் மையில் இருப்பது கிராமத்துக்காரன் நம்பர். அதற்குக் கீழே எஸ்.ஐ. கையெழுத்து. செத்தவன் பெயருக்கு நேரே ஓய்வு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. புத்தகப்படி அவன் ஓய்வு நாளில் தன் பாட்டுக்கு ஒரு வள்ளத்தில் ஏறிப் போய்ச் செத்த ஆள். அவனுக்கு மரியாதை கிடையாது, வேட்டு கிடையாது, குடும்பத்துக்கு வரவேண்டியது எதுவும் வராது. உண்மையைச் சொன்னால் கிராமத்துக்காரன் டூட்டியை விட்டு ஓடியவன், அவன் வேலை போகும். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்ட என் ஏட்டுப் பட்டை போகும். அப்படியும் செத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

"இருக்கு சார்" என்றேன்.

"அப்போ மரியாதை உண்டு. மூணு மணிக்குள்ள ஆட்கள் அங்க இருப்பாங்க."

ஸ்டேஷனுக்கு வந்து சவர பிளேடை எடுத்தேன். கிராமத்துக்காரன் நம்பரைச் சுரண்டினேன். ஓய்வு என்ற சொல்லைச் சுரண்டினேன். சுரண்டிய காகிதத்தில் மை ஊறிப் பரவும் என்று எனக்குத் தெரியும். புதுசாக வருகிற ரைட்டர்களை இதற்காகத்தான் திட்டியிருக்கிறேன். கட்டைவிரல் நகத்தால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கி, இரண்டு நம்பரையும் இடம் மாற்றி எழுதினேன். அப்படியும் கொஞ்சம் பரவத்தான் செய்தது. பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன். அந்த ஒரு வேலை மட்டும் வழக்கம்போல் இருந்தது.

தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருப்பாலைக்குடிக்குப் போனேன். டாக்டர் வந்து பார்த்து, அறுக்காமலே எழுதிக் கொடுத்துவிட்டதால் உடலை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் மாமனார் பள்ளிவாசல் ஜமாஅத்தில் மூத்தவர். வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார். மருமகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் என்னிடம் மரியாதை அணியைப் பற்றி நிதானமாகப் பேசினார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேருக்குமே பேச ஒரு விஷயம் வேண்டியிருந்தது.

"சந்தூக்கு மேல தொப்பியும் பெல்ட்டும் வச்சுக் கொண்டுபோறது எங்க முறை" என்றேன். சந்தூக்கு என்பது அவர்கள் உடலை வைத்துத் தூக்கிப்போகிற பெட்டி.

"அது மேல எதுவும் வைக்கப்படாது. துணி மட்டுந்தான்."

"பியூகிள்?"

"தொழுகைப் பக்கம் வேண்டாம்."

"அடக்கம் பண்ற எடத்துல வேட்டு மூணு?"

அவர் யோசித்தார். "மையவாடிச் சுவருக்கு வெளியில நின்னு சுடுங்க. எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டு, துஆ ஓதி முடிச்ச பொறவு. தொப்பிய வேணும்னா ஒரு ஆளு முன்னால தனியா ஏந்திக்கிட்டுப் போகட்டும். அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

தொப்பியை வெறும் கையில் ஏந்தக் கூடாது, தலையணை வேண்டும் என்றேன். உள்ளே குரல் கொடுத்தார். ஓரத்தில் பூவேலை செய்த தலையணை ஒன்று வந்தது. அவன் தலைவைத்துப் படுத்த தலையணைதான் என்று பார்த்ததும் தெரிந்தது. நடுவில் எண்ணெய்க் கறை.

பிறகு கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருந்த அவன் மனைவியிடம் என் வழக்கமான சேதியைச் சொன்னேன்.

"தாயி, அடக்கம் முடிஞ்சதும் மூணு தடவ துப்பாக்கிச் சத்தம் கேக்கும். அது அவனுக்கு நாங்க செய்ற மரியாதை. பயந்துறக் கூடாது."

"சரிங்க" என்றாள். பிறகு, "பூட்ஸோடயா எடுத்தாக?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி."

"அவுகளுக்கு நல்லா நீச்சத் தெரியும்."

 வெளியே வந்து பெல்ட்டின் பித்தளையைத் துலக்க உட்கார்ந்தேன். உப்புத் தண்ணீர் பட்ட பித்தளை சீக்கிரம் பச்சை பூக்கும். முகம் தெரிகிற அளவுக்குத் துலக்கினேன். அதற்கு மேல் துலக்க ஒன்றுமில்லை என்றான பிறகும் துலக்கிக்கொண்டிருந்தேன்.

கிராமத்துக்காரனுக்குச் சேதி சொல்ல ஆள் அனுப்பியிருந்தேன். அவன் இரண்டு மணி வாக்கில் பந்தலிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தான். புது வேட்டி, நெஞ்சில் காய்ந்த சந்தனம்.  ஒரு வீட்டுப் பின்கட்டில் அவனை யூனிபாரம் மாற்றவைத்தேன். "தொப்பிய நான் ஏந்துறேன்" என்றான். அணியில் அவன் பெயர் இல்லை. ஆனாலும் கொடுத்தேன்.

அன்று ஒரு குறையும் இல்லை. லாரி நேரத்துக்கு வந்தது. கறுப்புப் பட்டை எல்லார் கையிலும் ஒரே உயரத்தில் இருந்தது. ஜமாஅத் ஆட்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப்போக, பத்தடி முன்னால் தலையணையில் சிவப்புத் தொப்பியை ஏந்திக்கொண்டு கிராமத்துக்காரன் போனான். மணல் தெரு, கவாத்து நடப்பதற்கு லாயக்கில்லாத தெரு. அவன் கால் ஒரு தடவை கூட மாறவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். சுவருக்கு வெளியே மூன்று முறையும் எல்லாத் துப்பாக்கியும் ஒரே வேட்டாக வெடித்தன. காக்கைகள் எழும்பி அடங்கின. வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்லபடி முடிந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல் இப்போதும் என்னை அறுக்கிறது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிராமத்துக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொல்லிப்புடுறேன் ஏட்டய்யா. அது எனக்கு விதிச்ச டூட்டின்னு சொல்லிப்புடுறேன். அந்தத் தங்கச்சி காலுல விழுந்து சொல்லிப்புடுறேன்."

"ஏலே, சொன்னா ஒனக்குப் பாரம் எறங்கும். அவ புள்ளைகளுக்கு என்ன எறங்கும்? புக்குல அவன் பேரு இருக்கு. ஒன் பேருக்கு ரெஸ்ட்டு. வாயப் பொத்திக்கிட்டு இரு."

"புக்குல..."

"பொத்திக்கிட்டு இருன்னேன்."

துக்கத்தில் இருக்கிற ஆட்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் நான் பேர் வாங்கினவன். அவனுக்கு நான் சொன்ன ஆறுதல் இவ்வளவுதான்.

மறுநாள் காலை வரிசையில் நம்பர் கூப்பிட்டேன். வாய்ப்பழக்கத்தில் செத்தவன் நம்பரையும் கூப்பிட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள், "ஆஜர்" என்று பதில் வந்தது. கிராமத்துக்காரன்தான். உயிரோடு இருந்தபோது அவன் தாமதமாக வரும் நாட்களில் இவன் இப்படித்தான் குரல் கொடுப்பான். வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

டூட்டியில் செத்தால் விசாரணை உண்டு. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எஸ்.ஐ. மாதிரி இல்லை, இவர் பக்கத்தைப் பார்க்கிறவர். அந்த வரியில் விரலை வைத்துத் தடவினார். காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த இடம் மெலிஞ்சிருக்கே."

"கூரை ஒழுகுது சார். தண்ணி பட்டுருச்சு."

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரை நிஜமாகவே ஒழுகுகிற கூரைதான். அரசாங்கம் அதைச் செப்பனிடாமல் வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் உதவியது. அவர் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சம்சாரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார்.

ஜீப்பில் அவர் கூடப் போனேன். அவளிடம் அவன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ரெஸ்ட்டு, வீட்டில் இருப்பேன் என்று முன்தினம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் இத்தாவில் இருக்கிறாள். புருஷனை இழந்த பெண் நாலு மாசமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. ஐந்து வேளையும் தொழுதுகொண்டிருக்கிறவளிடம் பொய் சொல்லு என்று யார் போய்ச் சொல்வது? நான் சொல்லவில்லை. கையாலாகாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரைக்கு இந்தப் பக்கம் அதிகாரி கேட்டார். "அன்னைக்கு அவருக்கு டூட்டின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

உள்ளே வளையல் சத்தம் கூட இல்லை. வளையலைத்தான் கழற்றியிருப்பார்களே. அவள் வாப்பா, அதாவது அவன் மாமனார், என் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"யூனிபாரம் போட்டாக. பூட்ஸு போட்டாக. டூட்டிக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாக" என்றாள். பிறகு மெதுவாக, "அதுக்கு மேல என்னங்க கேக்கணும்?" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அன்று அந்த வாசலில் பொய்யோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு கிராமத்துக்காரன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வள்ள ரோந்தைத் தானே கேட்டு வாங்கினான். திருப்பாலைக்குடி வழியாகப் போக வேண்டிய வேலை வந்தால் மட்டும் சுற்றுப்பாதையில் போனான். தான் யாருடைய சாவில் தப்பித்தோம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, தெரியாத இடத்தில் போய் எந்த முகத்தோடு உட்காருவது என்பது அவன் கணக்கு. நான் வற்புறுத்தவில்லை. அவன் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. குடித்துவிட்டு எங்கேயாவது உளறுகிறானா என்று மட்டும் கவனித்துக்கொண்டேன். அவன் குடிக்கவும் இல்லை.

மாசிக் கடைசியில் உத்தரவு வந்தது. கடமையில் இறந்தவர் என்று தட்டச்சில் இருந்தது. குடும்பத்துக்குச் சேர வேண்டியதெல்லாம் சேரும். அவளுக்கு இத்தாவும் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. "வாடா, கூட வா" என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்காகக் கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தோடு அந்த வாசலில் தனியாக நிற்க எனக்குத் தைரியமில்லை.

மாமனார் முன்கட்டில் பாய் விரித்து உட்காரவைத்தார். நன்னாரி சர்பத் வந்தது. உத்தரவைப் படித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கிராமத்துக்காரன் சர்பத்தைத் தொடவில்லை. பாயின் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தான். கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் வந்துருக்காகளா?"

அண்ணன் என்றது அவனை. மச்சானின் மனைவி அவனுக்குத் தங்கச்சி முறை.

"வந்துருக்கான் தாயி" என்றேன்.  இப்போது கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"புள்ளைக்குக் காது ஆறிருச்சாண்ணே?"

அவன் நிமிரவில்லை. நான் அவள் வாப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் இது புதுசில்லை என்று முகத்திலேயே இருந்தது. டூட்டி மாறியது வாப்பாவுக்கும் மகளுக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பியூகிளைப் பற்றிப் பேசியபோதும் தெரியும், அதிகாரி பேனாவோடு நின்றபோதும் தெரியும்.

"அவுக வெள்ளன கெளம்பையில சொல்லிட்டுத்தான் போனாக" என்றாள் அவள். "மச்சான் ஊருக்குப் போயிருக்காரு, அவருக்குப் பதிலா நான் போறேன், திரும்பி வந்ததும் புள்ளைக்கு இதைக் கொடுத்து விடணும்னு. நீங்க வருவீக வருவீகன்னு எடுத்து வச்சிருந்தேன்."

திரை ஓரத்தில் ஒரு கை ஒரு பொட்டலத்தை நீட்டியது. மாமனார் வாங்கி அவனிடம் கொடுத்தார். கடைக் காகிதம் பிரிக்காமல் இருந்தது. உள்ளே ஒரு சின்னப் பாவாடை, மஞ்சளில் சிவப்புக் கரை. தாய்மாமன் சீர். நாலு மாசத்தில் அந்தப் பிள்ளை அதற்கு மேல் வளர்ந்திருக்கும்.

"ஒரு காது ஆறிருச்சு தங்கச்சி" என்றான் அவன். குரல் உடைந்துபோயிருந்தது. "எடது காதுதான் சீழ் புடிச்சு, ரொம்பச் செரமப்படுத்திருச்சு."

"வேப்பெண்ணெய் போட்டீகளா?"

"போட்டோம். இப்பத்தான் காஞ்சிருக்கு."

"தோட்டைக் கழத்திறாம வச்சிருங்க. ஓட்டை தூந்துரும். ஒரு நாளைக்கு இங்கன கூட்டிட்டு வாங்க. எங்க புள்ளைக கேட்டுக்கிட்டே இருக்குதுக."

"கூட்டிட்டு வாரேன்" என்றான். பிறகு சர்பத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

திரும்பும்போது அவன் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முன்னால் சைக்கிள் மிதித்துப் போனான். கடலோரப் பாதையில் எதிர்க்காற்று. அவன் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. நான் கிட்டே போகவில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது, அவனைப் பார்த்து அல்ல. தொப்பி, பெல்ட், வேட்டு, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு குறை இல்லாமல் பார்த்தவன் நான். நாலு மாசமாக ஒரே கூரையின் கீழ் அவனோடு இருந்தேன். அவன் வாய் திறக்கிறானா என்று தினம் பார்த்தேன். பிள்ளைக்குக் காது ஆறிவிட்டதா என்று ஒரு நாள் கூட நான் கேட்கவில்லை.